கழுவிய பாதி

என் வண்டியில் வந்த மாடு அழுக்காக இறங்கியது என்று எவனாவது ஒருத்தன் சொல்லட்டும், அன்றைக்கே ஸ்டியரிங்கை விட்டுவிடுகிறேன் என்று வாய் கிழியப் பேசித் திரிந்தவன் நான். பண்ணையில் என் லாரிக்கு மாப்பிள்ளை வண்டி என்றே பெயர். மற்றவர்கள் ஓட்டி வரும் மாடுகள் சாணியில் தோய்ந்து, வால் மயிர் கட்டிகட்டியாகத் தொங்க, பார்க்கவே பாவமாக இறங்கும். என்னுடையவை குளித்து முடித்துக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி இறங்கும். கேட்டுக் காவல்காரனுக்குக் குறட்டை என்று பட்டப்பெயர், நின்றபடியே தூங்குவான். அவனே என் ஹாரன் சத்தத்துக்கு மட்டும் இரண்டு கண்ணையும் திறப்பான்.

அப்படிப்பட்ட என்னைத்தான் முதலாளியம்மா அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அம்மா யாரையும் உட்காரச் சொல்கிற ஆள் இல்லை. நாற்காலியைக் காட்டியதும் அதன் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிலை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மேட்டுப் பக்கத்துப் புல்வெளிகளில் பிறந்து வளரும் இளங்காளைகளை வாங்கி வந்து, சில மாதம் நல்ல தீனி போட்டு உடம்பேற்றி, இறைச்சிக்கு அனுப்புகிறோம். மேட்டிலிருந்து பண்ணைக்குக் கொண்டுவருவது என் வேலை. விடியும் முன் ஏற்றினால் பொழுது சாயும் நேரத்துக்கு வந்து சேரலாம். என் தலை நரைத்ததே அந்தப் பாதையில்தான்.

"மழை விட்டதுல இருந்து நீங்க கொண்டுவர்ற ஒவ்வொரு லோடும் படுத்துக்குது" என்றார் முதலாளியம்மா. "இறங்கி நாலஞ்சு நாள்ல இருமல், காய்ச்சல். சிலது செத்துப்போகுது. பிழைச்சதும் தேற மாட்டேங்குது. தீனி உள்ள போகுது, உடம்புல ஏறல."

"அது இங்க இருக்கிற தூசிம்மா. தீவனம் அரைக்கிற இடத்துல கண்ணத் திறக்க முடியல. மாடு இருமாம என்ன செய்யும்?"

"தூசி இன்னிக்கு நேத்து வந்ததா? நான் இந்தப் பண்ணைய வாங்கினப்பவே இருந்துச்சு."

"அப்ப தடுப்பூசி சரியில்ல."

"ஊசியையும் மாத்திப் பார்த்தாச்சு. இன்னும் ஒரே ஒரு லோடு பார்க்கிறேன். இதுவும் படுத்தா ஓட்டத்த வாடகை வண்டிக்கு விட்டுடறேன். நீங்க தீவனக் கிடங்கப் பார்த்துக்கோங்க. சம்பளம் குறையாது."

சம்பளம் குறையாது என்றதுதான் சுருக்கென்று தைத்தது. காசுக்காகவா ஓட்டுகிறேன்? சாப்பாட்டுத் தட்டு முன்னாலேயே என்னால் முழுதாக உட்கார முடியாது, பாதியில் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். என்னைக் கொண்டுபோய்க் கிடங்கில் மூட்டைக்குக் காவல் வைத்தால் நான் ஒரு மாதம் தாங்க மாட்டேன்.

"இந்தத் தடவை டாக்டரும் உங்ககூட வண்டியில வருவாங்க. எங்க கோளாறுன்னு அவங்களே பார்க்கட்டும்" என்று முடித்தார்.

டாக்டர் என்றது என் மகளைத்தான்.

அவள் மாட்டு டாக்டருக்குப் படித்து முடித்து, பழைய டாக்டர் ஓய்வுபெற்றுப் போன இடத்தில் இந்தப் பண்ணைக்கே வந்து சேர்ந்திருந்தாள். வீட்டில் பாப்பா, பண்ணைக்குள் டாக்டர். முதல் நாள் வாய் தவறி எல்லார் முன்னாலும் "பாப்பா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கணும். அதிலிருந்து நானும் "டாக்டர்" என்றே கூப்பிடுகிறேன், நாக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் தடுக்குகிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"கால்ல சக்கரம் கட்டிப் பொறந்த மனுஷன்" என்றாள் என் மனைவி. "கொஞ்சம் உட்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது."

"இவ என் வண்டிக்குத் தீர்ப்புச் சொல்ல வர்றாளாம்."

"சொல்லட்டுமே. நான் இத்தன வருஷமா சொல்றத நீங்க கேட்டதில்ல. அவ சொன்னாலாவது கேட்கிறீங்களான்னு பார்ப்போம்."

மகள் துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். நான் அவள் முன்னால் போய் நின்றேன். "இங்க பாரு, அப்பான்னு பார்த்து எதையும் மறைக்க வேண்டாம். உள்ளத உள்ளபடி சொல்லு."

"நீங்க சொல்லாட்டியும் அப்படித்தான்பா சொல்வேன்" என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல் என்றது வாய். மனசு நினைத்ததோ வேறு. பெற்ற அப்பனை இவள் எங்கே விட்டுக்கொடுக்கப் போகிறாள் என்றுதான் உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது.

மேட்டுப் பண்ணையில் காளைகளை ஏற்றும்போது அவள் சாய்வுப் பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள். வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் வைத்தாள், மூக்கைத் துடைத்துப் பார்த்தாள். எல்லாம் திடமாக இருந்தன. நான் குச்சி எடுக்கிற ஆள் இல்லை, நாக்கால் ஒரு சத்தம் கொடுப்பேன், அதற்கே ஏறிவிடும்.

"ஒரே பட்டியில இருந்ததெல்லாம் ஒண்ணா இருக்கட்டும்பா. புதுசா கலந்தா முட்டிக்கும்."

"ஏன், நான் நேத்துத்தான் லைசென்ஸ் எடுத்தேனா? ஒரு பட்டி முன்னாடி, ஒரு பட்டி பின்னாடி, நடுவுல தடுப்பு. ரொம்ப நெருக்கினா மூச்சு முட்டும், ரொம்ப விட்டா வளைவுல விழும். எல்லாம் எனக்குத் தெரியும்."

"சரிதான்" என்று ஒத்துக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

கடைசியாக ஏறியது ஒரு செவலைக் காளை. நெற்றியில் வெள்ளை. பலகை நடுவில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது, அவளைப் பார்த்தது, உள்ளே போய் மற்ற மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. டிக்கெட் இருக்கிறதா என்று கேட்காத குறைதான்.

"செக்கர் ஏறிட்டாரு, இனி வண்டிய எடுக்கலாம்" என்றேன். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அது முன்பாதியில், என் கேபினுக்கு நேர் பின்னால் நின்றது.

பாதையில் நான் பிரேக்கைத் தொட்டதே குறைவு. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, பால் குடத்தைத் தலையில் வைத்தவள் மாதிரி ஓட்டினேன். அவள் கேபினின் பின்கண்ணாடி வழியாக மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எல்லாம் சரிதானே?"

"பார்த்துக்கிட்டு இருக்கேன்பா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டேன். "ஓட்டுறதுல ஏதாவது குத்தம் இருக்கா?"

"ஓட்டுறதுல இல்ல. ஆனா நீங்க எவ்வளவு நல்லா ஓட்டினாலும் அதுங்களுக்கு இது பெரிய அடிதான். பழகின புல்ல விட்டு, காலையில இருந்து பட்டினி, தண்ணி இல்ல, உட்கார முடியாம ஆடிக்கிட்டே நிக்கணும். பயம் வேற. ஒரே நாள்ல உடம்பு எடை கண்ணுக்குத் தெரிய இறங்கிடும்."

"அதுக்குத்தான் பாதியில நிறுத்தித் தண்ணி காட்டுறேன்."

"காட்டுறீங்க. நல்லதுதான். காய்ச்சல் கிருமி எல்லா மாட்டு மூக்குலயும் எப்பவும் கொஞ்சம் இருக்கும்பா. உடம்பு தெம்பா இருக்கிற வரைக்கும் அது சும்மா உட்கார்ந்திருக்கும். உடம்பு தளர்ந்தா நெஞ்சுக்குள்ள இறங்கிடும். இந்தத் தளர்ச்சியோட இன்னும் ஒண்ணு சேருது. அது என்னன்னுதான் தேடுறேன்."

பாதி வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டினோம். சில குடித்தன, சில முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. செக்கர் மட்டும் வாளியைக் காலி செய்துவிட்டு அடுத்தவன் வாளியிலும் வாயை வைத்தது.

பிறகு புதுச் சாலை தொடங்கும் இடம் வந்தது. இந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பழைய சாலையில் வந்து, பண்ணை கேட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் வாய்க்கால் கரையில் நிறுத்தி மாடுகளைக் கழுவுவேன். கழுவி, இரண்டு திருப்பம் திரும்பினால் கேட். மழைக்குப் பிறகு புதுச் சாலை திறந்துவிட்டார்கள். அகலமான, வளைவே இல்லாத சாலை. மாட்டுக்கும் குலுக்கல் இல்லை, எனக்கும் நேரம் மிச்சம். வாய்க்கால் கரைதான் வழியில் இல்லாமல் போனது. அதனால் புதுச் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் கழுவுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நல்ல அழுத்தமான ஹோஸ். பங்க்காரன் என்னைப் பார்த்ததும் குழாயைத் திறந்துவிடுவான்.

அன்றும் இறங்கி ஹோஸை எடுத்தேன். மகள் பின்னாலேயே இறங்கி வந்தாள்.

"என்னப்பா செய்றீங்க?"

"என்ன செய்றேனா? குளிப்பாட்டுறேன். பின்ன என் வண்டிக்கு அந்தப் பேரு சும்மா வந்துச்சா?"

அவள் சாலையைப் பார்த்தாள். ஆளே சாய்கிற அளவுக்குக் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் மாடுகளைப் பார்த்தாள். அப்புறம் என்னை. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"இங்கிருந்து பண்ணைக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கே. இந்தக் காத்துல, ஈரத்தோட, அவ்வளவு வேகத்துலயா போவீங்க?"

"அதனால? எத்தன வருஷமா கழுவுறேன். அப்பல்லாம் படுக்கலையே."

"இங்கயா கழுவினீங்க?"

ஹோஸ் கையில் துள்ளிக்கொண்டிருந்தது.

"கழுவ வேண்டாம்னு சொல்லணும்னுதான் தோணுதுப்பா" என்றாள். "ஆனா எனக்கு உறுதியா தெரியல. நான் தப்பா இருந்தா நீங்க சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவீங்க. ஒண்ணு செய்வோம். ஒரு பாதிய மட்டும் கழுவுங்க. இன்னொரு பாதி அப்படியே இருக்கட்டும். எந்தப் பாதின்னு நீங்களே சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப என்னைத்தான் சந்தேகப்படுற."

"ரோட்டையும் சந்தேகப்படுறேன், தண்ணியையும் சந்தேகப்படுறேன். உங்களையும்தான்."

பங்க்காரன் வேடிக்கை பார்க்கிறான். நான் என்ன செய்ய? சரி, இவளுக்கே புரியட்டும் என்று முன்பாதியைத் தேர்ந்தெடுத்தேன். முன்னால் இருப்பவற்றுக்குக் கேபின் மறைப்பு, காற்று கொஞ்சம் குறைவாகத்தான் அடிக்கும். அதில் என் தந்திரம் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. செக்கர் அங்கேதான் நின்றது. அது சாணி ஒட்டிய முகத்தோடு கேட்டுக்குள் நுழைவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை மட்டும் இரண்டு தடவை கழுவினேன், நெற்றி வெள்ளை பளிச்சென்று தெரியும்வரை.

கேபினில் ஏறியதும் அவள் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள்.

"என்ன, அவ்வளவு குளிருதா?"

"பழக்கம்" என்றாள்.

கேட்டில் குறட்டை லாரியைச் சுற்றி வந்து பார்த்தான். "என்னண்ணே இது, முன்பாதி மாப்பிள்ளை, பின்பாதி சமையல்காரனா?"

"வாய மூடிக்கிட்டு கேட்டத் திற" என்றேன்.

முன்பாதியை ஒரு பட்டியிலும் பின்பாதியைப் பக்கத்துப் பட்டியிலும் இறக்கினாள் மகள். ஒரே தண்ணீர், ஒரே உலர்புல், மேலே ஒரே கூரை. பசித்து வந்திருக்கிறதே என்று நான் தானியத் தீவனத்தைக் கைநிறைய அள்ளினேன், அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். காய்ந்த வயிற்றில் அதைப் போட்டால் வயிறு கெட்டுவிடுமாம். அதுகூடத் தெரியாமலா இருக்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனேன். உண்மையில் தெரியாது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது என் அலைச்சல். காலையில் பல் துலக்கியும் துலக்காமலும் பண்ணைக்கு ஓடுவேன். இரண்டு பட்டிக்கும் நடுவில் இருக்கும் பாதையில் நடந்து நடந்து அந்த இடத்தில் புல்லே முளைக்காது போலாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அங்கே எது எப்படி நிற்கிறதோ என்று திரும்ப ஓடுவேன். முதலில் இரண்டு பட்டியும் நன்றாகத்தான் தின்றன. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலுவலக ஜன்னல் வழியாகத் தெரிகிற மாதிரி நாலு தடவை நடந்தேன்.

பிறகு ஒரு காலையில் செக்கர் தீனித் தொட்டிக்கு வரவில்லை. கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்றது. காது இரண்டும் தொங்கிக் கிடந்தன. நான் நாக்கால் சத்தம் கொடுத்தேன், தலையைத் தூக்கவில்லை. யாரையும் ஏற இறங்கப் பார்க்காத செக்கரை அன்றுதான் பார்த்தேன்.

அன்று மாலை இருமல் கேட்டது. அடுத்த நாள் இன்னும் இரண்டு, அதற்கடுத்து மூன்று. எல்லாம் கழுவிய பட்டியில். மகளும் உதவியாட்களும் மருந்தும் ஊசியுமாக அலைந்தார்கள். பக்கத்துப் பட்டியில் சாணி காய்ந்து ஒட்டிய முதுகோடு மற்றவை மொறுமொறுவென்று புல்லைத் தின்றுகொண்டு நின்றன. அங்கே ஒன்றே ஒன்றுக்குத்தான் மூக்கு ஒழுகியது, அதுவும் மறுநாள் தீனிக்கு வந்துவிட்டது.

"இந்தப் பட்டி அரைக்கிற இடத்துக்குப் பக்கம். தூசி அதிகம்" என்றேன் மகளிடம்.

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் கண்ணில் கோபம் இல்லை.

"சின்ன வயசுல என்னை வண்டியில வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன. உன்னக் குளிப்பாட்டி, தலைசீவி, நான்தானே கூட்டிட்டுப் போவேன். உங்கம்மா வேலைக்குப் போயிருப்பா. எந்தப் பிள்ளையும் உன்ன மாதிரி சுத்தமா வராதுன்னு டீச்சரே சொன்னாங்க."

"தலை ஈரமா இருக்கும்பா. ஜன்னலோரம் உட்காருவேன். நீங்க கண்ணாடிய இறக்கிவிட்டு ஓட்டுவீங்க. நான் வருஷம் பூரா இருமிக்கிட்டே இருந்தேன். அம்மா கேட்டா நீங்க என்ன சொல்வீங்க தெரியுமா?"

நான் தடுப்புக் கம்பியில் ஒட்டியிருந்த சாணியை நகத்தால் சுரண்டினேன்.

"ஸ்கூல்ல தூசின்னு சொல்வீங்க."

கையுறையை வாளியில் போட்டுவிட்டு அவளே சொன்னாள். "ஈரத்தலைதான் காரணம்னு டாக்டரா என்னால சொல்ல முடியாதுப்பா. ஆனா நீங்க ஹோஸ எடுத்ததும் எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்துச்சு. அதான் பாதியக் கழுவச் சொன்னேன்."

வேறு வேலை இருப்பது போல விறுவிறுவென்று நடந்து வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். "பாப்பா சின்னதுல ரொம்ப இருமுவாளா?"

அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இப்பத்தான் கேட்கத் தோணுச்சா?" என்றாள். அவ்வளவுதான். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

செக்கர் செத்துப்போனது. காலையில் நான் போனபோது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, நெற்றி வெள்ளை மட்டும் அப்போதும் சுத்தமாக இருந்தது. எத்தனை ஆயிரம் மாடு ஏற்றி இறக்கியவன் நான். எல்லாம் எங்கே போகும் என்று தெரிந்துதான் ஏற்றுகிறேன். அதனால் எதற்காகவும் கண் கலங்கியது கிடையாது. அன்றைக்கு அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். இறைச்சிக்குப் போகிற மாடுதானே என்று என்னை நானே சமாதானம் செய்து பார்த்தேன், எடுபடவில்லை. அது போக வேண்டிய இடத்துக்கு நல்லபடியாகப் போயிருக்க வேண்டும். நெஞ்சு அடைத்து, மூச்சுக்குத் திணறி இப்படிப் போயிருக்கக் கூடாது. முன்பாதி என்று சொன்னது நான். இரண்டு தடவை கழுவியதும் நான்.

முதலாளியம்மா பட்டிக்கே வந்துவிட்டார். செத்துக் கிடந்ததைப் பார்த்தார், இருமிக்கொண்டு நின்றவற்றைப் பார்த்தார்.

"சொல்லுங்க டாக்டர். எதனால?"

மகள் நிமிர்ந்தாள். "வண்டியில வர்ற களைப்போட..." என்று தொடங்கி நிறுத்தினாள். உள்ளதைச் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கை தெர்மாமீட்டரை உறையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தது. சின்ன வயசில் பதில் தெரிந்தும் சொல்லத் தயங்கும்போது அவள் பென்சிலை அப்படித்தான் பெட்டியில் போட்டுப் போட்டு எடுப்பாள். அதைப் பார்த்ததும் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அவங்கள ஏன்மா கேட்கிறீங்க, என்னைக் கேளுங்க" என்றேன். "நான்தான் கழுவினேன். முன்னாடி வாய்க்கால் கரையில கழுவுவேன், கேட்டு பக்கத்துலயே இருந்துச்சு. புது ரோடு வந்ததுல இருந்து பங்க்லயே கழுவிடுறேன். பசியும் களைப்புமா நிக்கிற மாட்ட நனைச்சு, அவ்வளவு தூரம் குளிர்காத்துல ஓட்டிட்டு வர்றேன். இந்தத் தடவை டாக்டர் பாதியத்தான் கழுவச் சொன்னாங்க. கழுவின பாதி இது. கழுவாத பாதி அதோ நிக்குது, நீங்களே பாருங்க."

"எதுக்குக் கழுவுறீங்க? யார் கழுவச் சொன்னது?"

"யாரும் சொல்லல. இறங்கும்போது பார்க்கிறவங்க நல்லா இருக்குன்னு சொல்லணும். அதுக்குத்தான்."

சொல்லிக் கேட்கும்போது எனக்கே கேவலமாக இருந்தது. இடுப்பில் இருந்த வண்டிச் சாவியை எடுத்துத் தீனித் தொட்டியின் விளிம்பில் வைத்தேன். முதலாளியம்மா அதை எடுத்துக்கொண்டு போனார். மகள் என் பக்கம் திரும்பவில்லை, குனிந்து அடுத்த மாட்டுக்கு ஊசி போட ஆரம்பித்தாள். அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

கிடங்கில் என்னை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? மூட்டைகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினேன், பிறகு அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு. தொழிலாளிகள் என்னைக் கண்டாலே ஒளிந்துகொண்டார்கள். வெளியில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் வாசலுக்கு ஓடினேன். முடிவைக் கேட்க அவசரப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தச் சாவி இன்றைக்கும் என் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் அப்போது எனக்கு அது தெரியாதே.

முதலாளியம்மா கிடங்கு வாசலில் வந்து நின்ற அன்று நான் மூட்டை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

"இறங்குங்க" என்றார். "உங்க பொண்ணு உங்களுக்காக ஒரு வார்த்தை பேசலை. வாடகை வண்டியிலயும் போய்ப் பார்த்துட்டு வந்து, அவன் எப்படி ஓட்டுறான், நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு மட்டும் சொன்னாங்க. பிரேக் போடுறதுல இருந்து தடுப்பு வைக்கிறது வரைக்கும். அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

சாவியை நீட்டினார். "ஒரு சொட்டுத் தண்ணி மேல படக்கூடாது. சாணியோட வரட்டும். அந்த லோடு படுக்கலேன்னா ஓட்டம் உங்களுது."

"குடிக்கத் தண்ணி காட்டலாமில்லம்மா?" என்று கேட்டேன்.

"இந்த வாய் மட்டும் திருந்தாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த லோடில் தனியாகத்தான் போனேன். பாதி வழியில் தண்ணீர் காட்டினேன். வாளியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பியவற்றுக்கு முன்னால் பொறுமையாக நின்று இரண்டாம் தடவை காட்டினேன். எனக்குப் பொறுமை என்ற சொல்லே ஆகாது, அன்று நின்றேன். பங்க் நெருங்கியதும் என் கை தானாக இண்டிகேட்டருக்குப் போனது. பங்க்காரன் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரமே வந்துவிட்டான். பின்கண்ணாடியில் பார்த்தேன். சாணி, சாணி, எங்கு பார்த்தாலும் சாணி. என் பேர், என் வண்டியின் பேர், எல்லாம் அதில்தான் கிடந்தது. பங்க்காரனுக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் ஓட்டினேன். சாலை முழுக்கக் கால் பரபரவென்றே இருந்தது. காற்று வண்டியை உலுக்கியபோதெல்லாம் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

கேட்டில் குறட்டை கண்ணைக் கசக்கிக்கொண்டான். "அண்ணே, இது உங்க வண்டியா?"

"என் வண்டிதான்."

"அழுக்கா இறங்கினா ஸ்டியரிங்க விட்டுடுவேன்னு சொன்னீங்களே."

"சொன்னவன்தான் இப்பச் சொல்றேன். கேட்டத் திற."

நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். காது சூடானது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைப் பின்வாக்கில் பலகையோடு சேர்த்தேன்.

மகள் ஓடி வந்தாள். நோய்ப் பட்டியில் வேலை செய்தவர்கள் குளித்து உடை மாற்றாமல் புது மாட்டைத் தொடக்கூடாது என்று அவளே போட்ட சட்டம். ஹாரன் கேட்டதும் அவசர அவசரமாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைத் தோள் நனைந்திருந்தது. அந்த மாலைக் காற்றில் அப்படியே நின்று, தடுப்புக் கம்பிக்குள் கையை விட்டு, முதலில் நின்ற காளையின் சாணி ஒட்டிய முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

"காய்ஞ்சிருக்குப்பா" என்றாள். பண்ணைக்குள் எல்லார் முன்னாலும் அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கியது குளிராலா என்று எனக்குத் தெரியவில்லை.

"மாடு காய்ஞ்சுதான் இருக்கு. நீ ஏன் இப்படி நிக்கிற?" தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். "முதல்ல தலையத் துவட்டு. மாட்ட அப்புறம் பார்க்கலாம்."

"அப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"குனி பாப்பா."

அவள் குனிந்தாள். வண்டியைப் பிடித்த கை, மெதுவாகத் துவட்டத் தெரியவில்லை. ஆனாலும் முடியின் வேர் காயும்வரை விடாமல் துவட்டினேன். கேட்டிலிருந்து குறட்டை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.